இருபது வயதுக்குட்பட்டோர்: தென் அமெரிக்க நாடுகளின் இளைஞர் காற்பந்துப் போட்டி

நம் தோட்டங்களில் நிற்கும் இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் காடாகும். 1876-ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்னும் ஆங்கிலேயர் அங்கிருந்து கொண்டு சென்ற விதைகளை இலண்டனை அடுத்த கியூ பூங்காவில் முளைக்க வைத்தனர். மறு ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அம்மரத்தை நம்பி நம் முன்னோர் கடல் கடந்த வரலாற்றை யாவரும் அறிவர். இத்துணை நெருங்கிய தொடர்பு இருந்தும் அக்கண்டத்தைப் பற்றி நம் மாணவர் அறிந்திருப்பது மிகச் சிறிது. அந்தச் சிறிதும் காற்பந்தின் வழியாக வந்ததே. ஐந்தாம் ஆண்டு மாணவனிடம் பொலிவியாவின் தலைநகர் யாது என்று கேட்டால் விழிப்பான். (அவ்வினாவில் ஆசிரியரும் சறுக்குவதுண்டு. அரசமைப்பின்படி சுக்ரே; அரசு வீற்றிருப்பதோ லா பாஸ்.) மெஸ்ஸி எந்நாட்டவர் என்று கேட்டாலோ வகுப்பே ஒன்றுகூடி விடை சொல்லும். மாணவன் விரும்பி நுழையும் வாயில் அதுவாயின், ஆசிரியரும் அவ்வழியே நுழைந்து பார்ப்பதில் தவறில்லை. ஆதலின் அக்கண்டத்து இளைஞர் காற்பந்துப் போட்டி ஒன்றைப் பற்றி இக்கட்டுரையில் சிறிது விரிவாகக் காண்போம்.

ஸ்பானிய மொழியில் இதனைச் 'சுதாமெரிக்கானோ' என்று சுருக்கமாக வழங்குவர். தென் அமெரிக்காவுக்கு உரியது என்பது அச்சொல்லின் பொருள். அதனோடு 'இருபதுக்குக் கீழ்' என்று பொருள்படும் அடைமொழியும் சேரும். ஒவ்வொரு நாடும் தன் இளைஞர்களுள் சிறந்தவர்களைத் தேர்ந்து அனுப்பும். பெரியோர் ஆடும் கண்டப் போட்டியாகிய 'கோப்பா அமெரிக்கா'வை உலகம் முழுதும் அறியும். இளையோர் போட்டி அத்துணைப் பெயர் பெறவில்லை. ஆயினும் பின்னாளில் உலகம் போற்றிய ஆட்டக்காரர் பலர் தம் நாட்டுச் சட்டையை முதன்முதல் அணிந்தது இத்தகைய இளையோர் போட்டிகளிலேதான்.

இதனை நடத்துவது தென் அமெரிக்கக் காற்பந்துக் கூட்டமைப்பு. 1916-ஆம் ஆண்டு சூலை 9-ஆம் நாள், அர்ஜெண்டினா விடுதலை அறிவித்த நூற்றாண்டு நிறைவு நாளில், புவனஸ் அயர்ஸ் நகரில் இக்கூட்டமைப்பு தோன்றியது. தொடங்கியவை அர்ஜெண்டினா, பிரேசில், சிலி, உருகுவே ஆகிய நான்கு நாடுகள். இன்று பராகுவே, பொலிவியா, பெரு, எக்குவடோர், கொலம்பியா, வெனிசுவெலா ஆகியவை சேர்ந்து பத்தாகியுள்ளன. பராகுவேயின் தலைநகர் அசுன்சியோனுக்கு அருகிலுள்ள லூக்கே என்னும் ஊரில் தலைமையகம் உள்ளது. நிலப்படத்தைக் கூர்ந்து நோக்கும் மாணவன் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். கயானா, சுரிநாம், பிரெஞ்சுக் கயானா ஆகிய மூன்றும் அதே கண்டத்தில்தானே உள்ளன, அவை எங்கே என்பான். அவை காற்பந்தைப் பொறுத்தவரை வட அமெரிக்க, கரீபியக் கூட்டமைப்பில் அடங்கும். நிலத்தால் தென் அமெரிக்கர். பழக்கத்தாலும் வரலாற்றாலும் கரீபியர்.

பத்து நாடுகளுள் ஒன்பதில் ஸ்பானிய மொழி ஆட்சி செய்கிறது. பிரேசிலில் போர்த்துக்கீசு. நம் போன்ற மொழியாசிரியர் இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பராகுவேயில் மண்ணின் மொழியாகிய குவாரானி, 1992-ஆம் ஆண்டு அரசமைப்பின்படி ஸ்பானிய மொழிக்கு நிகரான ஆட்சிமொழி. பள்ளியில் கற்பிக்கப்படுகிறது, சந்தையிலும் வீட்டிலும் பேசப்படுகிறது. பராகுவே ஆட்டக்காரர் திடலில் தமக்குள் அம்மொழியில் பேசிக்கொள்வதும் உண்டு. எதிரணியினருக்கு அது விளங்காது. தாய்மொழியால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு இப்படியும் ஒரு விடை இருக்கிறது.

முதற்போட்டி 1954-ஆம் ஆண்டில் வெனிசுவெலாவில் நடந்தது. வென்றது உருகுவே. 1958-இல் சிலியிலும், 1964-இல் கொலம்பியாவிலும் மீண்டும் உருகுவேயே வென்றது. அக்காலத்தில் இன்ன ஆண்டில் நடக்கும் என்ற ஒழுங்கு இல்லை. பத்து ஆண்டுக் காலத்தில் மூன்றே முறை நடந்ததை இவ்வாண்டுகளே காட்டும். 1967-இல் அர்ஜெண்டினாவும், 1971-இல் பராகுவேயும், 1974-இல் பிரேசிலும் முதன்முறை வாகை சூடின. பின்னர் 1975 முதல் 1981 வரை நடந்த நான்கையும் உருகுவே ஒருசேர வென்றது. 2025 முடிய நடந்த 31 போட்டிகளுள் பிரேசில் 13 முறையும், உருகுவே 8 முறையும், அர்ஜெண்டினா 5 முறையும், கொலம்பியா 3 முறையும், பராகுவே, எக்குவடோர் ஆகியவை ஒவ்வொரு முறையும் வென்றுள்ளன. சிலி நான்கு முறை விருந்தோம்பியும் கிண்ணத்தைத் தொட்டதில்லை. பெரு, பொலிவியா, வெனிசுவெலா ஆகிய நாடுகளும் அவ்வாறே. 2021-இல் நடக்கவிருந்த போட்டி பெருந்தொற்றால் கைவிடப்பட்டது.

ஆட்டமுறையைச் சற்று விளக்குவோம். பத்துக் குழுக்களும் ஐந்தைந்தாக இரு பிரிவாகும். ஒரு பிரிவிலுள்ளவை தம்முள் ஒவ்வொன்றோடும் ஒருமுறை ஆடும். பிரிவுக்கு மூன்றாக ஆறு குழுக்கள் மேலே செல்லும்; நான்கு வீடு திரும்பும். எஞ்சிய ஆறும் முன்பெற்ற புள்ளிகளை விட்டுவிட்டு, புதிதாக மீண்டும் ஒன்றோடொன்று ஆட வேண்டும். இச்சுற்றை அறுகோணம் என்று பொருள்படும் சொல்லால் ஸ்பானியர் குறிப்பர். நாம் 'அறுகுழுச் சுற்று' எனலாம். இறுதியாட்டம் என்று தனியே ஒன்று கிடையாது. அறுகுழுச் சுற்றில் கூடுதல் புள்ளி பெற்றவரே வாகையர். கணக்காசிரியருக்கு இதில் நல்ல பாடம் உண்டு. முதற்கட்டத்தில் பிரிவுக்குப் பத்தாக இருபது ஆட்டம், பிற்கட்டத்தில் பதினைந்து, ஆக முப்பத்தைந்து. ஏன் பத்து, ஏன் பதினைந்து என்பதை விரல்விட்டு எண்ணச் செய்தால், சேர்மானக் கணக்கின் வாயிலை மாணவன் தானே திறந்துகொள்வான்.

இம்முறையின் சிறப்பு, ஒரு நாள் தவறியவனை அன்றே வெளியேற்றிவிடாமை. 2025-ஆம் ஆண்டு சனவரியில் வெனிசுவெலாவில் பிரேசில் தன் முதலாட்டத்தில் அர்ஜெண்டினாவிடம் ஆறுக்குச் சுழியம் என்று தோற்றது. பிரேசில் நாட்டுக்கு இதனினும் பெரிய தலைகுனிவு வேண்டுவதில்லை. வெட்டுமுறைப் போட்டியாயின் அன்றே பெட்டி கட்டியிருப்பர். ஆனால் அதே பிள்ளைகள் தேறியெழுந்து, மூன்று வாரம் கழித்து வாகையராக நாடு திரும்பினர். அர்ஜெண்டினா இரண்டாமிடம் பெற்றது. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளைச் சோதிக்க இதுவே ஏற்ற முறை என்பது என் கருத்து. அந்த வயதில் ஒரு நாள் ஆட்டம் மறுநாள் ஆட்டம் போலிராது. கட்டுரை திருத்தும் ஆசிரியர் யாவரும் இதனை அறிவர்.

இத்தகைய போட்டி சனவரி, பிப்ரவரி மாதங்களில் நடப்பதற்கும் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அது கோடைக்காலம். பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை. ஆயின் ஐரோப்பாவில் அது ஆட்டப் பருவத்தின் நடுவேளை. இளையோர் போட்டிக்கு ஆட்டக்காரரை அனுப்பியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கழகங்களுக்கு இல்லை. எனவே ஐரோப்பியக் கழகங்களில் சேர்ந்துவிட்ட இளைஞர் சிலரை அவர்தம் நாடு கேட்டும் பெற முடிவதில்லை.

இனி, நிலத்தின் உயரம். நம் தீபகற்பத்தின் மிக உயர்ந்த தாஹான் மலை 2,187 மீட்டர். லா பாஸ் நகரம் ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்திருத்தலின் சமவெளியிலிருந்து செல்பவர் விரைவில் மூச்சிரைப்பர். உதைத்த பந்தும் எண்ணியதைவிடத் தொலைவு பறக்கும். அத்தகைய பொலிவியாவில் 1983, 1995 ஆகிய ஆண்டுகளில் இப்போட்டி நடந்தது. இருமுறையும் வென்றது சமவெளி நாடாகிய பிரேசிலே. 2011-இல் இறுதிநாள் ஆட்டங்கள் நடந்த பெருவின் அரெக்கிப்பா நகரும் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம். அங்கே பிரேசில் உருகுவேயை ஆறு கோல்களால் வென்றது. லூக்காஸ் மூன்றும் நெய்மார் இரண்டும் போட்டனர். அத்தொடரில் நெய்மார் போட்ட கோல்கள் ஒன்பது. முதலாட்டத்திலேயே பராகுவேக்கு எதிராக நான்கு.

1977-ஆம் ஆண்டில் உலக இளைஞர் காற்பந்துப் போட்டி துனிசியாவில் தொடங்கியது. அதன்பின் தென் அமெரிக்கப் போட்டிக்கு இரட்டைப் பயன் ஏற்பட்டது; கண்டத்துக் கிண்ணம் ஒன்று, உலகப் போட்டிக்கு நுழைவுச்சீட்டு மற்றொன்று. இப்போது முதல் நான்கு இடங்களைப் பெறுபவை உலகப் போட்டிக்குச் செல்கின்றன. 2025 முடிய நடந்த 24 உலக இளைஞர் போட்டிகளுள் சரிபாதியாகிய 12-ஐ இக்கண்டத்து நாடுகள் வென்றுள்ளன. அர்ஜெண்டினா ஆறு, பிரேசில் ஐந்து, உருகுவே ஒன்று.

இக்கணக்கில் வியப்பான செய்தி ஒன்று மறைந்துள்ளது. அர்ஜெண்டினா உலகை வென்ற ஆண்டுகள் 1979, 1995, 1997, 2001, 2005, 2007. இவற்றுள் அதற்கு முன் நடந்த கண்டப் போட்டியை அர்ஜெண்டினா வென்றது 1997-இல் மட்டுமே. 1979-இல் கண்டத்தை வென்றது உருகுவே, 1995, 2001, 2007 ஆகிய மூன்றிலும் பிரேசில், 2005-இல் கொலம்பியா. சிற்றூர்த் தேர்வில் இரண்டாமிடமும் மூன்றாமிடமும் பெற்றவன் பெருந்தேர்வில் முதல்வனாவது போன்றது இது. 1979-இல் ஜப்பானில் உலகை வென்ற குழுவில்தான் மரடோனா ஆடினார். அதற்கு முந்திய ஆண்டு, தம் நாட்டில் நடந்த பெரியோர் உலகக் கிண்ணத்துக்கு அவர் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. வயது போதாது என்று பயிற்றுநர் மெனோட்டி கருதினார். மறு ஆண்டு அதே மெனோட்டியே இளைஞர் குழுவை நடத்திச் சென்றார். மரடோனா போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார்.

1997 நம் நாட்டாருக்கு நினைவிருக்க வேண்டிய ஆண்டு. அவ்வாண்டு உலக இளைஞர் போட்டி மலேசியாவில் நடந்தது. 24 நாடுகள் கலந்துகொண்ட முதற்போட்டியும் அதுவே. தென் அமெரிக்காவிலிருந்து அர்ஜெண்டினா, பிரேசில், பராகுவே, உருகுவே ஆகிய நான்கும் வந்தன. பிரேசில், தென் கொரியாவைப் பத்துக்கு மூன்று என்று வென்றது. அதில் அடாயில்டோன் என்பவர் ஒருவரே ஆறு கோல் போட்டார். அத்தகைய பிரேசிலைக் காலிறுதியில் அர்ஜெண்டினா வெளியேற்றியது. மறுபக்கம் ஹென்றி, திரெசெகே முதலியோர் ஆடிய பிரான்சை உருகுவே தண்ட உதைகளில் வென்றது. சூலை 5-ஆம் நாள் ஷா ஆலாம் அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் இரு தென் அமெரிக்க நாடுகளே எதிர்நின்றன. உருகுவேயின் பாப்லோ கார்சியா முதற்கோல் போட்டார். அர்ஜெண்டினாவின் கம்பியாசோ சமன் செய்தார். கிந்தானா வெற்றிக் கோலைப் போட்டார். கம்பியாசோவுக்கு அப்போது வயது பதினாறு. போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற நாட்டவராகிய உருகுவேயின் நிக்கோலாஸ் ஒலிவேராவுக்குக் கிடைத்தது. ரிக்கெல்மே, ஐமார், சாமுவேல் ஆகியோரும் அன்று வென்ற குழுவில் இருந்தனர். அன்று அரங்கில் அமர்ந்திருந்தவர்களுள் எத்துணைப் பேருக்குத் தாம் யாரைப் பார்க்கிறோம் என்பது தெரிந்திருக்கும்!

அக்குழுவின் பயிற்றுநர் ஹோசே பெக்கர்மான். முழங்கால் காயத்தால் ஆட்டத்தை இளமையிலேயே விட்டவர்; குடும்பத்தைக் காக்க வாடகைக் கார் ஓட்டியவர். 1994-இல் இளைஞர் குழுப் பொறுப்பு அவரிடம் வந்தது. மூன்று உலகக் கிண்ணங்களை இளைஞர் குழு அவர் கையில் வென்றது. கண்டப் போட்டியையும் 1997, 1999 ஆகிய இரு முறை வென்றார்.

2005-ஆம் ஆண்டுப் போட்டியைத் தனியே கூற வேண்டும். கொலம்பியாவின் காப்பி விளையும் மலைநாட்டில், மனிசாலெஸ், பெரெய்ரா, அர்மேனியா ஆகிய ஊர்களில் அது நடந்தது. ரொசாரியோ நகரில் பிறந்து, பதின்மூன்றாம் வயதில் பார்சிலோனாவுக்குக் குடிபெயர்ந்த மெஸ்ஸி அப்போது பதினேழு வயதினர். அவரை ஸ்பெயின் நாடு தன் இளைஞர் குழுவில் சேர்க்க விரும்பியதை அறிந்த அர்ஜெண்டினாக் கழகத்தார், 2004 சூன் இறுதியில் பராகுவேயோடு ஓர் ஆட்டத்தை அவசரமாக ஏற்பாடு செய்து அவரைத் தம் சட்டையில் இறக்கியிருந்தனர். மறு ஆண்டு கொலம்பியாவில் மெஸ்ஸி ஐந்து கோல் போட்டார், அர்ஜெண்டினாவுக்கு மூன்றாமிடம். அத்தொடரில் மிகுதியாகக் கோல் போட்டவர் யார்? கொலம்பியாவின் ஊகோ ரொடாயேகா, பதினொரு கோல். கிண்ணமும் கொலம்பியாவுக்கே. ரொடாயேகா பின்னர் இங்கிலாந்திலும் துருக்கியிலும் மதிப்புடன் ஆடினார். எனினும் அவ்வாண்டுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு, இவ்விருவருள் எவர் பெயரை இருபது ஆண்டு கழித்து நம் ஊர்ப் பிள்ளைகள் சட்டையின் முதுகில் அணிவர் என்று கேட்டிருந்தால், பட்டியல் தவறான விடையையே தந்திருக்கும்.

வயது என்னும் செய்திக்கு வருவோம். இவ்வகைப் போட்டிகளின் உயிர்நாடி அதுவே, சிக்கலும் அதுவே. 2025 போட்டிக்கு 2005 சனவரி முதல் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்தவரே தகுதியுடையோர். கோடு இவ்வாறு கிழிக்கப்படும்போது, சனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வகையினர் ஆகின்றனர். பத்து வயதில் பதினொரு மாத வேறுபாடு சிறிதன்று. சனவரிப் பிள்ளை உயரமாகவும் வலுவாகவும் இருப்பான், தேர்ந்தெடுக்கப்படுவான். தேர்ந்தெடுக்கப்பட்டதால் நல்ல பயிற்சி பெறுவான். நல்ல பயிற்சியால் உண்மையாகவே சிறந்தவனாவான். டிசம்பர்ப் பிள்ளை ஓரத்தில் நின்று பந்து பொறுக்குவான்.

கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளர் 1980-களில் இதனைப் பனித்தரை ஹாக்கியில் கண்டு வெளியிட்டார். முதலில் கவனித்தவர் அவர் மனைவி. ஆட்டம் பார்க்கச் சென்ற இடத்தில் நிகழ்ச்சி ஏட்டைப் புரட்டியபோது, இளைஞர் பலர் சனவரி, பிப்ரவரி, மார்ச்சு மாதங்களிலேயே பிறந்திருப்பது அவர் கண்ணிற் பட்டது. பின்னர் இதே போக்கு பல நாடுகளின் இளைஞர் காற்பந்துக் குழுக்களிலும் காணப்பட்டது. நம் பள்ளிகளிலும் ஒரே நாட்காட்டி ஆண்டில் பிறந்தோரையே ஒரே வகுப்பில் சேர்த்து வந்துள்ளோம். முதலாம் ஆண்டில் எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நவம்பர் அல்லது டிசம்பர் என்றிருக்கும். மந்தம் என்று எழுதுவதற்கு முன் மாதத்தைப் பார்ப்பது நல்லது. மாவட்டப் பள்ளிகளுக்கிடையிலான பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் குழுவுக்கு ஆள் எடுக்கும்போதும் உயரமான பையனிடமே முதலில் கண் செல்கிறது. மெஸ்ஸிக்குச் சிறுவயதில் வளர்ச்சிச் சுரப்புக் குறைபாடு இருந்தது. நாள்தோறும் ஊசி போட்டுக்கொண்டவர் அவர்.

கோடு இருக்கும் இடத்தில் கோட்டை அழிப்பவரும் இருப்பர். 1979-இல் உருகுவேயில் நடந்த போட்டிக்குச் சென்ற சிலி இளைஞர் குழுவில் சிலருடைய கடவுச்சீட்டுகளில் பிறந்த நாள் திருத்தப்பட்டிருந்தது. அது வெளிப்பட்டபோது சிலியில் பெரும் வழக்காயிற்று. இக்காலத்தில் உலகக் காற்பந்துக் கழகம் மணிக்கட்டின் எலும்பைக் காந்தப் படம் எடுத்துப் பார்க்கிறது. பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 2009 முதல் இது நடைமுறையில் உள்ளது. இளமையில் மணிக்கட்டு எலும்பின் வளர்முனை குருத்தாக இருக்கும். வளர்ச்சி முற்றியதும் அது இணைந்து இறுகிவிடும். தாள் பொய் சொன்னாலும் எலும்பு சொல்லாது என்பது கருத்து. ஆயினும் எல்லார் எலும்பும் ஒரே வேகத்தில் முற்றுவதில்லை. ஆதலின் இதுவும் முழுச்சான்று ஆகாது.

பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். போட்டி நடக்கும் அரங்குகளில் ஐரோப்பியக் கழகங்களின் ஆள்தேர்வோர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பர். அவர்களுக்கு இது ஒரு சந்தை. பதினெட்டு வயது நிறையாதவரை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு 2001 முதல் பொதுத்தடை உண்டு. பெற்றோர் வேறு காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் விலக்கு என்பது போன்ற சில வழிகளும் உண்டு. மற்றொரு விதியும் அறியத்தக்கது. ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலைக்கு நாடு மாறும்போது, அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, பன்னிரண்டு வயது முதல் இருபத்துமூன்று வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பிரித்தளிக்கப்படும். முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுக்குக் கால் விழுக்காடு, பின் எட்டு ஆண்டுகளுக்கு அரை விழுக்காடு. உருகுவேயின் ஒரு சிற்றூர்க் கழகம், தான் வளர்த்த சிறுவன் பதினைந்து ஆண்டு கழித்து எங்கோ கைமாறியதால் கூரை வேய்ந்துகொள்ள முடிகிறது. நேரிய விதியே. அச்சிறுவனுக்கு எழுத்தறிவித்த தொடக்கப்பள்ளிக்கு இதில் பங்கு எதுவுமில்லை என்பதை நம்மவர் கவனித்திருப்பர்.

பெரிய நாடுகளே எந்நாளும் வெல்வதில்லை. 2013-இல் அர்ஜெண்டினாவில் நடந்த போட்டியில் விருந்தோம்பிய அர்ஜெண்டினாவும், அதனோடு பிரேசிலும் முதற்கட்டத்திலேயே வெளியேறின. 2017-இல் மூன்றாமிடம் பெற்ற வெனிசுவெலா, அதே ஆண்டு தென் கொரியாவில் உலக இளைஞர் இறுதியாட்டம் வரை சென்று இங்கிலாந்திடம் ஒரு கோலில் தோற்றது. பெரியோர் உலகக் கிண்ணத்தில் ஒருமுறையும் ஆடாத நாடு அது. 2026-க்கான தகுதிச் சுற்றிலும் தவறிவிட்டது. எக்குவடோர் 2019-இல் கண்டத்தை வென்று, போலந்தில் உலக மூன்றாமிடமும் பெற்றது. பெண்களுக்கான இருபதுக்குட்பட்டோர் போட்டி 2004-இல் தொடங்கியது. 2024 வரை நடந்த அத்தனையிலும் பிரேசில் ஒன்றே வென்றிருக்கிறது. இளைய பிரிவுப் போட்டி ஒன்று 1985 முதலும், பதினைந்துக்குட்பட்டோர் போட்டி 2004 முதலும் நடந்து வருகின்றன.

இவற்றுள் எல்லாம் ஆசிரியர்கள் தனியே நோக்க வேண்டிய நாடு உருகுவே. மக்கள்தொகை ஏறத்தாழ 35 இலட்சம். நம் சிலாங்கூர் மாநிலத்தில் பாதி. இந்நாடு எட்டு முறை கண்டத்தை வென்றது எவ்வாறு? ஊர்தோறும், தெருத்தோறும் ஆறு முதல் பதின்மூன்று வயது வரையிலான சிறுவர்க்குக் கழகங்கள் உண்டு. இதனைக் 'குழந்தைக் காற்பந்து' என்றே வழங்குவர். சிறிய திடல், சிறிய கோல்; பெற்றோரும் அண்டை வீட்டாருமே நிருவாகிகள். ஒரு பிள்ளையும் கண்ணிற் படாமல் போகாது.

ஆயினும் 1981-க்குப் பின் 36 ஆண்டுகள் அந்நாடு இப்போட்டியை வெல்லவில்லை. பெரியோர் குழுவும் தளர்ந்தது. 2006 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெறவில்லை. அவ்வேளை பொறுப்பேற்றவர் ஒஸ்கார் தபாரெஸ். இவர் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் விளங்கியதோடு தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும் பணியாற்றியவர். அதனால் நாடே அவரை 'எல் மாயெஸ்த்ரோ' என்றழைக்கிறது. உருகுவே நாட்டுப் பிள்ளைகள் தம் பள்ளி ஆசிரியரை அழைக்கும் சொல் அதுவே. அவர் செய்தது புதிய ஆட்ட உத்தி ஒன்றைப் புகுத்தியதன்று. பதினைந்து வயதுக் குழு முதல் பெரியோர் குழு வரை அனைத்தையும் ஒரே பாடத்திட்டத்தின் கீழ்க் கொண்டு வந்தார். எல்லா வயதினரும் மொண்டேவிடியோவுக்கு அருகிலுள்ள ஒரே பயிற்சிக் களத்தில் பயின்றனர். பையன்கள் பெரியவர்களைக் கண்டு வளர்ந்தனர். படிப்பைக் கைவிடக்கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். திரளாக வரும் பிள்ளைகளுள் மிகச் சிலரே ஆட்டத்தால் பிழைக்க முடியும் என்பது ஆசிரியராயிருந்தவருக்குத் தெரியாததன்று.

பயன் சிறிது சிறிதாகவே தெரிந்தது. 2007 கண்டப் போட்டியில் கவானி ஏழு கோல் போட்டு முதல்வரானார். 2010 உலகக் கிண்ணத்தில் உருகுவேக்கு நான்காமிடம். 2011-இல் கோப்பா அமெரிக்கா. அதே ஆண்டு பெருவில் இளைஞர் குழு இரண்டாமிடம் பெற்றதால், 1928-க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக் காற்பந்துக்கு அந்நாடு தகுதி பெற்றது. 2017-இல் எக்குவடோரில் கண்டக் கிண்ணம் மீண்டும் கைக்கு வந்தது. இடையில் தபாரெஸ் நரம்பு நோயுற்று ஊன்றுகோலுடன் திடலோரம் நின்றார். 2021 நவம்பர் வரை பணியை விடவில்லை.

2023-ஆம் ஆண்டு உலக இளைஞர் போட்டி நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் நடப்பதாக இருந்தது. இஸ்ரேல் குழுவின் வருகையை ஒட்டி எழுந்த எதிர்ப்பினால் அந்த உரிமை மார்ச்சு இறுதியில் பறிக்கப்பட்டு அர்ஜெண்டினாவுக்கு மாற்றப்பட்டது. அர்ஜெண்டினாவோ அவ்வாண்டு கொலம்பியாவில் நடந்த கண்டப் போட்டியில் முதற்கட்டத்தைக்கூடத் தாண்டாத நாடு. விருந்தோம்பும் நாடு என்னும் உரிமையால் உள்ளே வந்து, இரண்டாம் சுற்றில் நைஜீரியாவிடம் தோற்றது. கொலம்பியாவில் பிரேசிலுக்கு அடுத்த இடம் பெற்றிருந்த உருகுவே, சூன் 11-ஆம் நாள் லா பிளாத்தா நகரில் இத்தாலியை எதிர்த்து இறுதியாட்டம் ஆடியது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் லூசியானோ ரொட்ரிகெஸ் தலையால் முட்டிய பந்து கோலாயிற்று. 1997-இல் ஷா ஆலாமிலும், 2013-இல் துருக்கியிலும் இறுதியாட்டத்தில் நழுவிய கிண்ணம் அன்று மொண்டேவிடியோ சேர்ந்தது.